பாட்டு பஸ்ஸின் பேட்டரி



வண்டியில் புதிதாக எதையாவது மாட்டும்போது எனக்குப் போன் செய்கிறவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். ஃபாக் லாம்ப், போன் சார்ஜர், ஜிபிஎஸ், கேமரா, கல்யாண வேனுக்குக் கலர் விளக்கு. "எங்கிருந்து லைன் எடுக்கலாம் சார்?" என்பதுதான் கேள்வி. நான் மெக்கானிக் இல்லை. மின்னோட்டம், மின்தடை என்று கரும்பலகையில் எழுதிக் காலம் தள்ளிய இடைநிலை ஆசிரியன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரு நூறு வருட வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

வண்டிக்குச் சொந்தம் என்று நாம் இன்று நினைக்கிற மின்சாமான்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் விருந்தாளியாக வந்தவைதான். ஹெட்லைட்டும் விருந்தாளி. ஹார்னும் விருந்தாளி. முதல் கார்களின் விளக்கில் மின்சாரமே கிடையாது. மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள கார்பைடு கல்லின் மேல் விழும், அசிட்டிலீன் வாயு கிளம்பும், அதைத் தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். ஹார்ன் என்பது கையால் அமுக்கும் ரப்பர் பந்து. நம் ஊர் மாட்டு வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு போனதே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மட்டும் மேக்னெட்டோ என்ற காந்தக் கருவி இருந்தது. அது தன் பாட்டுக்குப் பொறி கொடுக்கும். அதிலிருந்து யாரும் லைன் எடுக்க முடியாது.

பேட்டரி வண்டிக்குள் நிரந்தரமாகக் குடியேறக் காரணம் விளக்கு அல்ல, ஸ்டார்ட்டர். முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் அன்று இஞ்சினைக் கிளப்ப வேண்டும். இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு உடையும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் இதற்கு வழி கண்டார். அதற்கு முன் அவர் கடைகளில் பணம் வாங்கும் கல்லாப் பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லாப் பெட்டியின் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி வேலை செய்தால் போதும். அதனால் சின்ன மோட்டாரிடமே அந்த ஒரு நொடிக்குப் பெரிய வேலை வாங்கலாம். அதே யோசனையைக் காருக்குக் கொண்டு போனார். 1912-ஆம் வருட காடிலாக் கார் மின் ஸ்டார்ட்டரோடு விற்பனைக்கு வந்தது. அந்த ஸ்டார்ட்டருக்காக பேட்டரி, பேட்டரியை நிரப்ப டைனமோ, இவை இருக்கும்போது விளக்கையும் இதிலேயே எரிக்கலாமே என்று மின்விளக்கு. ஜெர்மனியின் போஷ் நிறுவனமும் 1913-இல் டைனமோ, பேட்டரி, விளக்கு எல்லாம் சேர்ந்த முழு செட்டை விற்றது.

இங்கே ஒரு கணக்கு. "ஸ்டார்ட்டரையே இழுக்கிற பேட்டரி சார், ஒரு பாட்டுப் பெட்டியை இழுக்காதா?" என்று கேட்பவர்கள் நிறைய. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கட்டும். மூன்று நொடிதான். கணக்குப் போட்டால் பேட்டரியிலிருந்து போனது ஆம்பியர்-மணியில் ஒன்றில் எட்டுப் பங்கு. ஆம்ப்ளிஃபயர் 3 ஆம்பியர் மட்டும்தான் இழுக்கிறது என்று வையுங்கள், வண்டியை நிறுத்திவிட்டு மண்டப வாசலில் நாலு மணி நேரம் பாட்டுப் போட்டால் 12 ஆம்பியர்-மணி. ஏறக்குறைய நூறு தடவை ஸ்டார்ட் செய்ததற்குச் சமம்! நடுவில் டைனமோ ஒரு சொட்டும் நிரப்பவில்லை. கெட்டரிங்கின் மோட்டார் ஒரு நொடி வேலைக்காரன். நாம் மாட்டுகிற சாமான்கள் பொழுதுக்கும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பவை.

அடுத்து வந்த பெரிய விருந்தாளி ரேடியோ. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1930-இல் சிகாகோவில் பால் கால்வின் என்பவரும் அவர் தம்பியும் காருக்கென்று ஒரு ரேடியோ செய்து அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். மோட்டார் காரில் போகும் இசை என்று அர்த்தம் தொனிக்கிற பெயர். வீட்டு ரேடியோவை எடுத்துக் காரில் வைத்தால் போதாதா? போதாது. அன்றைய ரேடியோ வால்வு ரேடியோ. வால்வுக்கு நூறு வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும், கார் பேட்டரியோ 6 வோல்ட். ஆரம்பத்தில் ரேடியோவுக்கென்று தனி பேட்டரிகளைக் காரின் தரைக்கு அடியில் வைத்தார்கள். பிறகு வைப்ரேட்டர் என்ற சாமான் வந்தது. காலிங் பெல் போல ஒரு இரும்பு நாக்கு துடித்துத் துடித்து நேர் மின்சாரத்தை வெட்டும், வெட்டிய மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் உயர்த்தும். பழைய கார் ரேடியோவைப் போட்டதும் 'ர்ர்ர்' என்று ஒரு முனகல் கேட்கும். அது இந்த நாக்குதான்.

இரண்டாவது தொல்லை இரைச்சல். இஞ்சினின் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். பாட்டுக்குப் பதில் 'டப் டப் டப்' என்று இஞ்சின் பாடும். ஸ்பார்க் பிளக் ஒயரில் தடையும் டைனமோவில் கன்டென்சரும் போட்டு அதை அடக்கினார்கள். கடன் கேட்கப் போன கால்வின், நல்ல எண்ணம் வரட்டுமே என்று அந்த வங்கிக்காரரின் பேக்கார்டு காரில் ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுத்தார் என்றும், அரை மணி நேரத்தில் கார் தீப்பற்றிக்கொண்டது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, மாட்டுகிற கைக்கு அந்தக் கதை நினைவில் இருப்பது நல்லது. அந்த மோட்டோரோலாவின் பொறியாளர் மார்ட்டின் கூப்பர்தான் 1973 ஏப்ரல் 3-ஆம் தேதி கையில் எடுத்துப் போகும் செல்போனிலிருந்து முதன்முதலில் பேசியவர். அந்த செல்போனை சார்ஜ் செய்ய இன்று நாம் காரில் ஓட்டை தேடுகிறோம்.

ஓட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. காரில் சார்ஜர் சொருகும் அந்த வட்ட ஓட்டை சிகரெட் பற்றவைக்க வந்தது. காரில் புகைப்பது அருகிவிட்டது, ஓட்டை மட்டும் போகவில்லை. நடுவில் பாசிட்டிவ், சுற்றுச்சுவர் நெகட்டிவ், பின்னால் தனி ஃபியூஸ். நூறு வருட வரலாற்றில் விருந்தாளிக்கென்று கம்பெனியே ஒதுக்கிய திண்ணை இது ஒன்றுதான் என்பேன்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஆரணிக்கு ரயில் கிடையாது. 'ஆரணி ரோடு' என்று பெயர் வைத்த ஸ்டேஷன் விழுப்புரம்–காட்பாடி பாதையில் கண்ணமங்கலத்தில் இருக்கிறது. ஆகவே பட்டும் அரிசியும், பெண்ணும் மாப்பிள்ளையும், எல்லாமே இந்த ஊரில் ரோட்டில்தான் வந்தாக வேண்டும், போயாக வேண்டும். வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் பஸ். 1980-களில் அன்றைய பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸும் வரும், தனியார் பஸ்ஸும் வரும். டிக்கெட் ஒன்றுதான். ஆனால் சனங்கள் அரசு பஸ்ஸை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து தனியார் பஸ்ஸில் ஏறுவார்கள். காரணம், பாட்டு. பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்த கேசட் இருபது வருடம் கழித்து நம் ஊர் பஸ்ஸின் டிரைவர் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது. இளையராஜா ஆரணியிலிருந்து வேலூர் வரைக்கும் கூட வருவார். எந்த பஸ்ஸில் புது கேசட் என்பது ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு ஆண்டுத் தேர்வு அட்டவணையைவிட நன்றாகத் தெரியும்.

இந்தப் பாட்டு பஸ்ஸில்தான் ஒரு அருமையான மின்னியல் பாடம் இருந்தது. பெரிய டீசல் இஞ்சினைக் கிளப்ப 12 வோல்ட் போதாது என்று பஸ், லாரிகளில் 24 வோல்ட் வைத்தார்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரி, தொடராக. ஒன்றின் பாசிட்டிவ் அடுத்ததன் நெகட்டிவுக்கு. ஆனால் கடையில் கிடைத்த கார் டேப் 12 வோல்ட். என்ன செய்வார்கள்? எர்த் பக்கம் உள்ள ஒரு பேட்டரியின் தலையிலிருந்து மட்டும் ஒரு ஒயர் இழுத்து டேப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். பாட்டு பிரமாதமாகப் பாடும். சில மாதத்தில் பேட்டரி போகும். முதலாளி பேட்டரி கம்பெனியைத் திட்டுவார்.

நடந்தது இதுதான். பாட்டுக்கு மின்சாரம் கொடுப்பது கீழ் பேட்டரி மட்டும். ஆனால் திரும்ப நிரப்பும்போது இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம்தான் போகிறது, தொடரிணைப்பு அல்லவா? ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து 28 வோல்ட் வந்ததும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. அந்த 28-இல் கீழ் பேட்டரி 14-ஐ எட்டியிருக்காது, மேல் பேட்டரி 14-ஐத் தாண்டியிருக்கும். கீழ் பேட்டரி அரைவயிறு. மேல் பேட்டரிக்குத் தினமும் விருந்து, அதன் தண்ணீர் கொதித்து வற்றும். ஒன்று பட்டினியால் சாகும், மற்றது அஜீரணத்தால் சாகும். 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டரை இரண்டு பேட்டரிக்கும் குறுக்கே போட்டு அதிலிருந்து டேப்புக்கு எடுப்பதுதான் சரி. இதை எனக்கு விளக்கியவர் பஸ் நிலையத்துக்கு அருகே ஒயரிங் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தொடரிணைப்பு என்ற வார்த்தையே சொல்லாமல், "ரெண்டு மாடு பூட்டுன வண்டியில ஒரு மாட்டை மட்டும் ராத்திரியில ஏத்தம் இறைக்க ஓட்டிட்டுப் போனா எப்படி சார்?" என்றார். அடுத்த நாள் வகுப்பில் நான் சொன்னதும் அந்த உவமைதான். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

அந்த டேப்பில் இன்னொரு வேடிக்கை. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙீ...' என்று ஒரு குரல் ஏறிக்கொண்டே போகும். அது ஆல்டர்னேட்டரின் குரல். எர்த் ஒயரை சரியான இடத்தில் கொடுக்காததால் வரும். 1930-இல் கால்வின் சகோதரர்கள் பட்ட பாட்டின் பேரன் அது.

இந்தியாவில் இதற்கான சாமான்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். நம் தமிழ்நாட்டுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கினார்கள். சென்னை பாடியில் தொழிற்சாலை. டைனமோ, ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார் எல்லாம் அங்கிருந்து வந்தன. 'லூகாஸ் டைனமோ' என்றே சொல்லிப் பழகியவர்கள் நம் ஊர் மெக்கானிக்குகள். டைனமோவுக்கு ஒரு குணம்: இஞ்சின் மெதுவாக ஓடும்போது எதுவும் கொடுக்காது. பஸ் நிலையத்தில் இஞ்சினை ஓடவிட்டபடி பாட்டுப் போட்டால் சாப்பிடுவது எல்லாம் பேட்டரியிலிருந்துதான். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1960-இல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வைத்த பிறகு உலகம் மெல்ல அதற்கு மாறியது. நின்ற இடத்திலும் ஓரளவு கொடுக்கும். வண்டியில் இத்தனை சாமான்கள் பெருகியதற்கு அடியில் இருப்பது அந்த மாற்றம்தான்.

இரு சக்கர வண்டிக்குப் போவோம், பலருக்கும் பட்டறிவு அங்கேதான். அதற்கும் முன் சைக்கிள் டைனமோ! டயரில் உரசிச் சுற்றும் அந்தக் குடுவை, 6 வோல்ட், 3 வாட். வேகமாக மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து, டைனமோவைச் சாய்த்துவிட்டு மேட்டில் மூச்சு வாங்கியவர்கள் நாம். மின்சாரம் சும்மா வராது, யாரோ ஒருவர் கால் வலிக்க மிதித்தால்தான் வரும் என்பதை அந்த மேடு சொல்லிக்கொடுத்தது. காரிலும் அப்படித்தான். கூடுதலாக ஒரு விளக்கு எரிந்தால் இஞ்சின் அதற்கு மிதித்தாக வேண்டும்.

1972-இல் வந்த பஜாஜ் சேதக், 1980-இல் வந்த டிவிஎஸ் 50 இரண்டும் அந்த சைக்கிள் டைனமோவின் உறவுக்காரர்கள். இஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரத்திலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம். கிராசிங்கில் நிற்கும்போது விளக்கு மங்கும், எதிரே வண்டி வந்தால் ஆக்சிலேட்டரை முறுக்கி வெளிச்சம் காட்டுவோம். ஹெட்லைட் பல்பு போனால் அதற்குப் போக வேண்டிய மின்சாரமும் சேர்ந்து பின் விளக்குக்குப் பாய, அதுவும் பட்டென்று போகும். ஒரு பல்பு வாங்கப் போய் இரண்டாக வாங்கி வருவோம். ஆரணியின் பட்டு வியாபாரத்தில் பாதி டிவிஎஸ் 50-இன் முதுகில் நடந்தது என்றால் மிகையில்லை. பாவும் ஊடையும் முன்னால், புடவை மூட்டை பின்னால். அதில் ஒரு மியூசிக்கல் ஹார்னை மாட்டிவிட்டு விளக்கு எரியவில்லை என்று தள்ளிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். காந்தச் சக்கரம் தன் அளவுக்குத்தான் கொடுக்கும், அதனிடம் கூடுதலாகக் கேட்டுப் பயனில்லை.

1955-இலிருந்து சென்னையில், திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட் வேறு ஜாதி. அதில் பேட்டரி உண்டு, ஹெட்லைட்டுக்கு மேல் அம்மீட்டர் உண்டு. வருவது அதிகமானால் முள் வலது பக்கம், செலவு அதிகமானால் இடது பக்கம். குடும்பத்துக்கும் இப்படி ஒரு முள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று என் மாமனார் சொல்வார். அவர் பட்டுக்கூலி கணக்கெழுதியவர். கூடுதலாக ஒரு விளக்கை மாட்டி, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும், வேறு கணக்கே வேண்டாம். இன்றைய வண்டிகளில் கைபேசி அழைப்புவரை திரையில் காட்டுகிறார்கள், அந்த முள்ளை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அந்தக் காலப் புல்லட் 6 வோல்ட். ஏன் உலகமே 6-இலிருந்து 12-க்கு மாறியது? 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 10 ஆம்பியர். ஒயர் சூடாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதே ஒயரில் சூடு நான்கு மடங்கு. எட்டாம் வகுப்பில் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்து விட்டு, இன்று மெல்லிய ஸ்பீக்கர் ஒயரில் ஃபாக் லாம்ப் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

இனி ஃபியூஸ். பழைய அம்பாசிடரில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் இரண்டே இரண்டு கண்ணாடிக் குழாய். அவ்வளவுதான். வண்டியில் இருந்த சாமான்களும் கொஞ்சம்தான். இன்றைய காரில் கலர் கலராகச் சின்னச் சின்ன ஃபியூஸ்கள்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். விருந்தாளிகள் வர வர, ஒவ்வொருவருக்கும் தனி அறையும் தனிப் பூட்டும் கட்டிக்கொண்டு வந்த வரலாறு அந்தப் பெட்டியில் இருக்கிறது. ஃபியூஸ் சாமானைக் காப்பாற்ற இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. அதனால்தான் அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் வண்டியின் இரும்பில் உரசித் தோல் கிழிந்தால், அதைத் தடுக்க யாரும் இல்லை. பேட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்த ஒரு இடத்தில் கொட்டும். ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டி வைத்த சாமர்த்தியசாலிகளும் நம் ஊரில் இருந்தார்கள். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றிப் போட்ட கதை.

ஆனால் ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் ஊர்க்காரர்கள் முறுக்கிப் பிணைப்பதில் கெட்டிக்காரர்கள். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் ஆயிரக்கணக்கான பழைய இழைகளோடு புது இழைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் முறுக்கிப் பிணைத்துவிடுகிற கைகள். பட்டு இழைக்கு அந்த முறுக்கு போதும். அந்தப் பிணைப்பு அச்சைத் தாண்டிப் போகும்வரை தாங்கினால் சரி. செம்பு ஒயருக்கு அது போதாது. வண்டி ஓடும்போது அதிர்வு, மழை, வெயில். முறுக்கு மெல்லத் தளரும், செம்பு கறுக்கும், மின்தடை ஏறும். அந்த இணைப்பில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்பியர் போனால் 10 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் உண்டாகும். சாமி படத்துக்கு ஜீரோ வாட்ஸ் பல்பு போடுகிறோமே, அதைத் தொட்டால் சுடும் அல்லவா? கிட்டத்தட்ட அவ்வளவு சூடு, கண்ணுக்குத் தெரியாமல், சீட்டுக்கடியில், ரெக்சினுக்கும் பஞ்சுக்கும் நடுவில். ஃபியூஸ் போகாது. ஏன்? மின்னோட்டம் கூடவே இல்லையே! 10 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 10 அல்லது அதற்கும் குறைவுதான் ஓடுகிறது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாக ஃபியூஸ் நினைக்கிறது, இணைப்பு உள்ளே வெந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் காவலாளி உங்கள் மூக்குதான். பட்டு சுத்தமா என்று பார்க்க இரண்டு இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கிற ஊர் இது. முடி கருகிய வாசம் வந்தால் பட்டு, பிளாஸ்டிக் வாசம் வந்தால் ஏமாற்று. வண்டிக்குள் அந்த இரண்டாவது வாசம் வந்தால் ஏசியை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டிருக்காதீர்கள். ஓரம் கட்டி, எல்லாரையும் இறக்கிவிட்டுப் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முதலில் ஆட்கள், பிறகு பேட்டரி, கடைசியில் புடவை மூட்டை. கல்யாணக் கூட்டத்தில் இந்த வரிசை மாறிவிடும், அதனால் சொல்கிறேன்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் பள்ளி மாணவி மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். நமக்கு ஒரு மணி நேரப் பயணத் தூரம். அது ஒயர் மாட்டிய விஷயம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிக்கனமாக ஓடலாம் என்று ஒரு குடும்பம் வாங்கி வைத்த வண்டி. அந்தச் செய்தியைப் படித்த பிறகு வண்டியின் மின்சாரத்தை 12 வோல்ட் தானே, ஷாக் அடிக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம் நான் சிரிப்பதில்லை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. தீ வைக்க அதற்கு எந்தத் தடையும் இல்லை.

இப்போதைய வண்டிகளுக்கு வருவோம். 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் இஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும் என்று ஆனது. பகலில் மிச்சமாகிக்கொண்டிருந்த மின்சாரம் அதோடு போயிற்று. சாதாரண பைக்கின் பழைய ஹெட்லைட் பல்பு 35 வாட். தலைக்கு 40 வாட் என்று இரண்டு ஃபாக் லாம்ப் மாட்டினால் 80 வாட், வண்டியின் சொந்த விளக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எல்இடி வந்த பிறகு குறைந்த வாட்டிலேயே நல்ல வெளிச்சம் கிடைக்கிறது, அது பெரிய உதவி. ஆனால் வாட் குறைந்தது என்று எண்ணிக்கையைக் கூட்டினால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். எந்த விளக்கானாலும் ஹெட்லைட் சுவிட்சின் ஒயரைக் கடித்து அதிலிருந்து எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி ஒயர், நடுவில் ரிலே. சுவிட்சிலிருந்து ரிலேவுக்குப் போவது சின்ன மின்னோட்டம், அது உத்தரவு மட்டும் கொடுக்கும். சுமையைத் தூக்குவது ரிலே. தந்திக் காலத்தில், 1830-களில் பிறந்த யோசனை, இன்றும் நாற்பது, ஐம்பது ரூபாய் முதல் கிடைக்கும் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது.

சாவியை எடுத்த பிறகும் சாப்பிடுகிற விருந்தாளிகள் இன்னொரு ரகம். திருட்டுப் போகாமல் இருக்க ஜிபிஎஸ் கருவி மாட்டுகிறீர்கள், அது 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்போம். ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். நாளொன்றுக்கு அரை ஆம்பியர்-மணி. பைக்கின் பேட்டரியே 4, 5 ஆம்பியர்-மணிதான். வண்டியைக் காட்பாடி ஸ்டேஷனில் போட்டுவிட்டுப் பத்து நாள் பெங்களூரில் இருந்துவிட்டு வந்தால், வண்டி இருக்கும். பேட்டரி இருக்காது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பைக்கிலும் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பம்ப் வைத்துத் தெளிக்கும் முறை வந்துவிட்டது. அதை நடத்துவது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பழைய வண்டியில் பேட்டரி இறங்கினால் உதைத்தோ தள்ளியோ கிளப்பலாம். இதில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயர்களும் விளக்குக்குப் போகிற ஒயர்களும் ஒரே கறுப்பு உறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நம் ஒயரிங் கடைகளில் 'டெஸ்ட் லாம்ப்' என்று ஒன்று இருக்கும்: ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு ஒயர், ஒரு ஊசி. ஒயரில் ஊசியைக் குத்துவார்கள், பல்பு எரிந்தால் லைன் இருக்கிறது. அம்பாசிடருக்கு அது போதுமானது. இன்றைய சென்சார் ஒயரில் அதைக் குத்தினால் அந்தப் பல்பு இழுக்கிற மின்னோட்டமே கம்ப்யூட்டருக்கு ஆகாது. மல்டிமீட்டர் வேண்டும். அதைக் கையில் எடுக்காத கடையில் புது வண்டியைக் கொடுக்காதீர்கள். இது அவர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. சொந்தக் கண்ணாலும் விரலாலும் இந்தத் தொழிலைக் கற்றவர்கள் அவர்கள். கம்பெனிகள் ஒயரிங் படத்தைக்கூட அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி பல ஸ்வரம் பாடும் ஹார்னைத் தடை செய்கிறது. வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சார்ஜரும் சின்ன விளக்கும் அதில் வருமா என்று வாதம் செய்ய எனக்குத் தெரியாது. ஏர் ஹார்ன் வரும், அது தெரியும். கோட்டை மைதானத்துப் பக்கம் இரவு பதினொரு மணிக்கு அதை அடிக்கிறவர் என் பழைய மாணவராக இருக்கக் கூடாது.

மின் ஸ்கூட்டர் வாங்கியவர்கள் 'இதெல்லாம் எங்களுக்கு இல்லை' என்று நினைக்க வேண்டாம். அதில் வண்டியை ஓட்டுவது 48 வோல்ட்டோ அதற்கு மேலோ உள்ள பெரிய பேட்டரி. ஆனால் ஹார்னும் விளக்கும் பெரும்பாலும் பழைய 12 வோல்ட்டிலேயே இருக்கின்றன. பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் அதை 12 ஆக இறக்கிக் கொடுக்கிறது. பாட்டு பஸ்ஸில் போட்டிருக்க வேண்டிய அதே சாமான். அந்தக் கன்வெர்ட்டர் கம்பெனி வைத்த விளக்குக்கும் ஹார்னுக்கும் அளந்து வைத்தது. அதில் நீங்கள் கூடுதலாக எதை மாட்டினாலும் முதலில் அதன் அளவைக் கேளுங்கள். கேட்காமல் பெரிய பேட்டரியில் நேரடியாகக் கை வைக்கவே வைக்காதீர்கள்.

பழைய பாட்டு பஸ்களின் படமோ, அந்த ஒயரிங் கடைப் பெரியவரைப் பற்றிய நினைவோ உங்களில் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அவரிடம் தொழில் கற்ற பையன்களில் இரண்டு பேராவது என் வகுப்பில் இருந்தவர்கள் என்பது என் ஞாபகம். அவர்கள் இப்போது எங்கே கடை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் நல்லது. என் தங்கை மகன் ஒரு ஃபாக் லாம்ப் செட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாமா பதிவு போடட்டும் என்று காத்திருக்கிறான்.